பக்கமும் நிமிடமும்

கடையில் கைக்கு வரும் புத்தகமும் படத் தட்டும் ஒரு விஷயத்தில் ஒரே ரகம். கறை, கிழிசல், கீறல் எல்லாம் கண்ணில் படும். உள்ளே இல்லாமல் போன பதினாறு பக்கமும், வெட்டி எடுக்கப்பட்ட இரண்டு பாட்டும் கண்ணில் படாது. வாங்குகிறவர் அட்டையைத் தடவிப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், கழிவு எத்தனை என்று கேட்கிறார், பணத்தை நீட்டிவிடுகிறார். எண்ணிப் பார்ப்பதில்லை. புத்தகத்தில் பக்கத்தையும் படத்தில் நிமிடத்தையும் எண்ணாமல் வாங்குவதால் வருவதுதான் பெரிய நஷ்டம். விலை ஐம்பது ரூபாய் கூடிப்போனது, அட்டை மங்கலாக இருந்தது போன்றவை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சென்னையில் பலதரப்பட்ட புத்தகங்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்கக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு, பொங்கலையொட்டி நடக்கும் புத்தகக் காட்சி. 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் சில அரங்குகளோடு தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நூற்றுக்கணக்கான அரங்குகளோடு நடக்கிறது. வழக்கமான கழிவு 10 சதவீதம். வேலை நாளில் போவது, துணிப்பை எடுத்துப்போவது, தண்ணீர் பாட்டில், நல்ல செருப்பு ஆகியவற்றை எல்லாப் பத்திரிகைகளும் டிசம்பர் கடைசியிலேயே எழுதித் தீர்த்துவிடுகின்றன. இங்கே அவை வேண்டாம்.

எழுதாமல் விடுவது ஒன்று உண்டு. காட்சியில் அரங்குகள் இரண்டு வகை. பதிப்பகம் தன் நூல்களை மட்டும் வைத்திருக்கும் அரங்கு ஒன்று. பல பதிப்பகங்களின் நூல்களை வாங்கி அடுக்கியிருக்கும் விற்பனையாளர் அரங்கு இன்னொன்று. புரட்டிப் பார்க்க இரண்டாவதுதான் சுகம். நாவலுக்குப் பக்கத்தில் சித்த மருத்துவம், அதற்குக் கீழே சோழர் வரலாறு, மூலையில் சினிமா என்று கலந்து கிடக்கும். தேடிப் போகாதது கையில் தட்டுப்படும். ஆனால் வாங்குவதற்கு முதலாவதே சரி. விலையும் கழிவும் பெரும்பாலும் ஒன்றுதான். பழுதான பிரதியை மாற்றித் தர வேண்டிய நாளில்தான் வித்தியாசம் தெரியும். பதிப்பகத்தாரிடம் மாற்றுப் பிரதி அடுத்த கட்டிலேயே இருக்கும். விற்பனையாளரிடம் ‘நாங்க வாங்கி விக்கிறவங்க சார், எங்களுக்கு எப்படித் தெரியும்’ என்ற பதில் இருக்கும்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது பின்னட்டை வாசகத்தை என்று பலர் சொல்வார்கள். அது விற்பதற்காக எழுதப்பட்டது. முதலில் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் உள்ள நூல் விவரப் பக்கம். முதற்பதிப்பு எப்போது, இது எத்தனையாவது பதிப்பு, திருத்தியதா, வெறும் மறு அச்சா என்பது அங்கே இருக்கும். ‘சுருக்கம்’ என்ற சொல்லை முன்னட்டையில் போடக் கூச்சப்படுகிறவர்கள் சில சமயம் இங்கேதான் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் இந்தப் பக்கம் இன்னும் வளமானது. தாளின் எடை, டெம்மியா கிரவுனா என்ற அளவு, எழுத்து எத்தனை புள்ளி, மொத்தப் பக்கம் எத்தனை என்று ஒரு பட்டியலே இருக்கும். அந்தப் பக்கத் தொகையைக் கடைசிப் பக்க எண்ணோடு ஒத்துப் பார்ப்பது முதல் சோதனை. ஐ.எஸ்.பி.என். என்னும் 13 இலக்க எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கினால் இந்தியப் பதிப்பு.

இனி முக்கியமான சோதனை. புத்தகம் ஒவ்வொரு பக்கமாக அச்சாவதில்லை. ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது. பெரிய தாளின் ஒரு புறத்தில் எட்டுப் பக்கம், மறுபுறத்தில் எட்டுப் பக்கம் அச்சிட்டு மூன்று மடிப்பு மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, தைத்தோ பசை போட்டோ அட்டை ஏற்றுகிறார்கள். அடுக்குகிற கை தவறும் இடம் இதுதான். ஒரு ஃபாரம் விடுபடலாம், ஒன்றே இரண்டு தடவை வரலாம், தலைகீழாகச் சேரலாம். தவறு நடந்தால் அது எப்போதும் ஃபாரத்தின் எல்லையில்தான் நடக்கும். ஆகவே 400 பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. 16க்கு அடுத்து 17, 32க்கு அடுத்து 33, 48க்கு அடுத்து 49 என்று இணைப்புகளை மட்டும் பார்த்தால் போதும். 400 பக்கப் புத்தகத்தில் இப்படிப்பட்ட இணைப்புகள் 24. முன்னுரைப் பக்கங்களுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் கணக்கு சில பக்கம் தள்ளிப் போகும்; முதல் இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு பதினாறு பதினாறாகத் தாவலாம்.

அச்சுக்கோத்த காலத்துப் புத்தகங்களில் இதற்கு அச்சகமே ஓர் அடையாளம் வைத்திருந்தது. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் நூற்பெயரின் முதல் எழுத்தும் ஃபார எண்ணும் பொடியாக இருக்கும். 65ஆம் பக்கத்தின் அடியில் ‘சி - 5’ என்று இருந்தால் அது ஐந்தாம் ஃபாரம். பைண்டர் படித்துப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பார்த்து அடுக்கினால் போதும். அந்த வழக்கம் போனது யாருக்கும் வருத்தமாக இல்லை என்பதுதான் வருத்தம்.

வெற்றுப் பக்கப் பழுது வேறு மாதிரி. தாளின் ஒரு புறம் மட்டும் அச்சாகி மறுபுறம் வெறுமையாக மடிக்கப்பட்டால், ஃபாரத்தின் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகிய பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். அல்லது 1, 4, 5, 8, 9, 12, 13, 16 வெள்ளையாக இருக்கும். அதாவது ஒரு விரிப்பில் இரண்டு பக்கமும் அச்சு, அடுத்த விரிப்பில் இரண்டு பக்கமும் வெள்ளை. இணைப்பை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். கட்டைவிரலால் பக்கங்களை ஒரு தடவை சரசரவென்று விட்டால் வெள்ளை பளிச்சென்று தெரியும். குறைந்த பிரதிகளை டிஜிட்டல் முறையில் அடிக்கும் பிஓடி புத்தகங்களுக்கு இந்தக் கணக்கு எல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே பைண்டிங் தெறிப்பதுதான் பொதுவான குறை; நடுவில் விரித்து லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாதபடி வருவது பிளாஸ்டிக் உறை போட்ட கட்டு. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள், ஒரே கட்டு, முன்னூறு ரூபாய் குறைவு. காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை அதை வாங்கிப் போகிறார் ஒருவர். ‘பிரிச்சுப் பாக்கலாமா தம்பி?’ என்று கேட்டதற்கு, ‘எல்லாம் புது லாட்டு சார், பிரிச்சா வேற யாரும் வாங்க மாட்டாங்க’ என்று பதில் வருகிறது. முதல் இரண்டு பாகமும் சரியாக இருக்கின்றன. மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ படிக்கும்போது 240ஆம் பக்கத்துக்கு அடுத்து 257 வருகிறது. ஒரு முழு ஃபாரம் இல்லை. அந்த இடத்தில் 257 முதல் 272 வரை இரண்டு தடவை இருக்கிறது. அதனால் தடிமனிலும் எடையிலும் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. அதற்குள் காட்சி முடிந்து பந்தல் பிரித்தாகிவிட்டது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டால், ‘உறை பிரிச்சதை எடுத்துக்க மாட்டோம், ஒரு பாகம் மட்டும் தனியாத் தர முடியாது, வேணும்னா அடுத்த வருஷம் ஸ்டாலுக்கு வாங்க.’ உறையைப் பிரிக்காமல் உள்ளே 240க்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்கும் வித்தை இதுவரை யாருக்கும் கைவரவில்லை. உறை போட்ட கட்டை எந்தக் கழிவுக்கும் வாங்கலாகாது. பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் நகர்வதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, அவர்கள் சங்கடப்படுவதில்லை.

இதே நாவல் இத்தனை வடிவங்களில் கிடைப்பதற்குக் காரணம் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பது. பாரதி, புதுமைப்பித்தன் நூல்களும் அப்படியே. யாரும் அச்சிடலாம், எல்லாரும் அச்சிடுகிறார்கள். தலைப்பு ஒன்றானாலும் சரக்கு ஒன்றல்ல. ஒன்றில் மணியம் வரைந்த படங்கள் இருக்கும், ஒன்றில் இருக்காது. ஒன்றில் எழுத்து கண்ணுக்கு இதம். இன்னொன்று பக்கத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சுருக்கியிருக்கும். மலிவுப் பதிப்பில் ஒரு பக்கத்தையாவது நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். பிழை இரண்டுக்கு மேல் வந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். புதுமைப்பித்தனுக்கு மட்டும் தேர்வு எளிது. காலச்சுவடு வெளியீடாக 2000இல் வந்த, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பு. எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்பது வரை அதில் இருக்கிறது. விலை கூட என்று முனகுகிறவர்கள் மலிவுத் தொகுப்பு இரண்டு வாங்கிவிட்டுக் கடைசியில் அதைத்தான் வாங்குகிறார்கள்.

மொழிபெயர்ப்பில் பக்க எண்ணிக்கையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று பல பாகங்களில் கொண்டுவந்தார். அதே நாவல் இருநூறு பக்கத்தில் கையடக்கமாகக் கிடைத்தால், உள்ளே இருப்பது கதைச் சுருக்கம்தான். சோவியத் காலத்து முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் ஆகியவற்றின் தமிழ் நூல்கள் பழைய கடைகளில் இன்னும் தென்படும். தாளும் தையலும் அப்படியே நிற்கும்; ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் பெயர்கள் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பழைய புத்தகம் என்றால் சென்னைக்காரர்கள் மூர் மார்க்கெட்டைத்தான் சொல்வார்கள். அது 1985இல் எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையும் உண்டு. இங்கே தேட வேண்டியது பைண்டு செய்த தொடர்கதைகளை. விகடனிலும் கல்கியிலும் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, யாரோ ஒரு வீட்டில் காலிகோ முதுகு போட்டுக் கட்டியிருப்பார்கள். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் கோட்டோவியங்களோடு அப்படித்தான் முழுமையாக இருக்கும். பக்கத்தின் பின்புறத்தில் பாதித் துணுக்கும் ஊறுகாய் விளம்பரமும் இலவசம். ஆனால் இதிலும் எண்ண வேண்டும். அந்த வீட்டில் ஒரு வாரம் இதழ் வராமல் போயிருக்கும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போயிருப்பார். அத்தியாய எண் தொடர்கிறதா என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது. விடுபட்டது ஒன்றிரண்டு என்றால் அதைக் காட்டி விலை குறைக்கலாம். கடைசி அத்தியாயம் இல்லையென்றால் வைத்துவிடலாம்.

தொடர்கதையிலிருந்து திரைக்குப் போக ஓர் எட்டுதான். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலையும் மகேந்திரனின் 1978ஆம் ஆண்டுப் படத்தையும், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யையும் அதிலிருந்து கிளம்பி வேறு திசையில் போன ‘உதிரிப்பூக்க’ளையும் (1979) ஜோடியாக வாங்குவது நல்ல பழக்கம். தட்டில் படம் வாங்கும் காலம் போய்விட்டது என்பவர்கள், தேடும் பழைய படம் எந்தத் தளத்திலும் இல்லாத நாளில் பேச்சை மாற்றிவிடுவார்கள். எல்லார் வீட்டிலும் பரண் மேல் ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது. இறக்கித் துடைத்தால் ஓடும்.

படத்தில் எண்ண வேண்டியது நிமிடத்தை. இதற்கு அளவுகோல் படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. எல்லாரும் ஓட்டிவிடும் தணிக்கைச் சான்றிதழ்தான் அது. பிலிம் காலத்துச் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. பிலிம் வினாடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் என்று போட்டிருந்தால் 164 நிமிடம். டிஜிட்டலுக்குப் பிறகு வந்த சான்றிதழ்களில் நிமிடமே இருக்கும். இடது கீழ் மூலையில் முக்கோணம் இருந்தால் தணிக்கைக் குழு வெட்டு கொடுத்திருக்கிறது என்று பொருள். அதற்குத் தட்டு விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த 164ஐத் தட்டில் ஓடும் நேரத்தோடு ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியாவில் வழங்கும் பால் (PAL) முறையில் படம் வினாடிக்கு 25 சட்டமாக ஓடுகிறது. அதனால் 4 சதவீதம் விரைவாக முடியும். 164 நிமிடப் படம் 157இல் முடிந்தால் எதுவும் போகவில்லை. இது தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களும் உண்டு. 140இல் முடிந்தால் மூன்று பாட்டும் ஒரு நகைச்சுவைப் பகுதியும் போயிருக்கும். அப்போது தாராளமாகச் சண்டை போடலாம்.

விசிடி ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். மூன்று மணி நேரப் படம் இரண்டு தட்டில் வந்தால் மிச்சம் எங்கே என்று கேட்க வேண்டும். 2007இல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோது தட்டு வாங்குவது காய்கறி வாங்குவது போல ஆயிற்று. அந்தச் சரக்கு இன்னும் பழைய கடைகளில் கட்டுக் கட்டாக இருக்கிறது. ‘மூன்று படம் ஒரே டிவிடி’ என்பதை மட்டும் தொடக் கூடாது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, மூன்று படம் பங்கு போட்டால் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி. கூட்டக் காட்சியில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். ஆலையில் அச்சடித்த தட்டு வெள்ளியாக இருக்கும். ஊதாவோ இளநீலமோ அடித்தால் அது யாரோ கணினியில் எரித்த நகல், சில ஆண்டில் படிக்காமல் போகும்.

அகலத் திரைப் படங்களில் வேறொரு களவு நடந்திருக்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதன் பிறகு அந்த அகலத்தில் எடுத்த படங்களைப் பழைய டிவிக்கு ஏற்றபடி இரு ஓரமும் வெட்டி நிறைத்திருப்பார்கள். 2.35க்கு 1 என்ற சட்டத்தை 4:3 ஆக்கினால் பத்தில் நான்கு பங்குக்கு மேல் படமே போய்விடும். பெயர்வரிசையில் ஓரத்து எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா, இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக்காட்டச் சொல்வதில் தவறில்லை.

வெளிநாட்டுத் தட்டுக்கு மண்டலக் குறியீடு பார்க்க வேண்டும். டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1, ஐரோப்பா 2. ப்ளூ-ரேயில் இந்தியா சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அன்போடு வாங்கி அனுப்பும் சத்யஜித் ராய் ப்ளூ-ரே இங்கே ஓடாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதில் நின்றுவிடும். இணையத்தில் ‘வாங்கு’ பொத்தானை அழுத்திப் பெறும் படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கையில் ஒரு பொருளும் இல்லை, தளம் படத்தை எடுத்துவிட்டால் அதோடு சரி.

எதை வாங்கினாலும் பில் வேண்டும். காட்சியின் கூட்டத்தில் ‘அவசரமா சார்’ என்று பில் இல்லாமல் அனுப்பப் பார்ப்பார்கள். நின்று வாங்க வேண்டும். வீட்டுக்குப் போன அன்றே இணைப்புகளைப் பார்த்துவிட்டால், பழுதான பிரதியைக் காட்சி முடிவதற்குள் பதிப்பக அரங்கில் மாற்றிவிடலாம். பெரும்பாலான பதிப்பகங்கள் மறு பேச்சில்லாமல் மாற்றித் தருகின்றன. பிந்திவிட்டால், விடுபட்ட இடத்தின் இரு பக்கத்தையும் பில்லையும் படமெடுத்து, நூல் விவரப் பக்கத்தில் உள்ள பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.